சலித்து ஊற்றிய டீசல்

மச்சானுக்கு அவர் எட்டாயிரம் கடன்பட்டிருந்தார். டீசல் கார் வாங்குவதற்காக வாங்கியது. வாங்கிய காலத்தில் அவருக்கு மீசை கறுப்பு. அப்புறம் மீசை நரைத்தது, பிறகு அதையும் மழித்துவிட்டார். கடன் மட்டும் ஒரு முடிகூட நரைக்காமல் அப்படியே இருந்தது.

இந்தக் கடனைப் பற்றி மூன்றே பேருக்குத்தான் தெரியும். கொடுத்த மச்சான், வாங்கிய அவர், அந்த நேரம் பக்கத்தில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி. தெருவுக்குத் தெரிந்தது வேறு கதை. அந்தக் கதையில் அவர் வெறுங்கையோடு இந்த நகரத்துக்கு வந்தார், எவனிடமும் ஒரு காசு கைநீட்டி வாங்கவில்லை, தன் கையை ஊன்றித் தானே எழுந்து நின்றார். தெருவுக்கு இந்தக் கதையைச் சொன்னவரும் அவர்தான்.

தெருவில் அவருக்கு முதலாளி என்று பேர். அவருடைய வாடகைக் கார் கம்பெனியில் ஒரு கார், ஒரு டிரைவர், ஒரு கிளீனர், ஒரு கணக்குப்பிள்ளை. காரைத் தவிர மற்ற மூவரும் அவரே. பேர் கிண்டலாகத்தான் வைக்கப்பட்டது. அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவே இல்லை என்பதால், நாளடைவில் வைத்தவர்களுக்கே அது கிண்டல் என்பது மறந்துபோனது.

படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. நின்றது என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நிறுத்தியவர் அவர். "நாலாவதுக்கு மேல சொல்லிக்குடுக்க அவங்ககிட்ட என்ன சரக்கு இருந்துச்சு?" என்று கேட்பார். லாரி ஷெட்டில் சக்கரம் கழுவியவர், சக்கரம் மாட்டக் கற்றார், பிறகு இஞ்சினைப் பிரிக்கக் கற்றார், கடைசியில் ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு நாலு நாசிலில் எது டீசலைச் சரியாகப் பீச்சவில்லை என்று சொல்லிவிடுவார். இது வெறும் பீற்றல் இல்லை, நிஜமாகவே சொல்லிவிடுவார். சொன்ன பிறகு அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவார், அதுதான் பீற்றல்.

அவருடைய பெருமைகளிலேயே பெரிய பெருமை டீசல். பம்பில் போய் நின்று நேரே டேங்கில் குழாயைச் சொருகிக்கொள்கிறவர்களை அவர் வண்டிக்காரர்களாகவே மதிப்பதில்லை. அவர் கேனில் வாங்குவார். கேனை முற்றத்து மூலையில் அசையாமல் வைத்துக் கசடு அடியில் தங்கவிடுவார். பிறகு டேங்கின் வாயில் பெரிய புனலை வைத்து, புனலுக்குள் துணியைப் பரப்பி, கேனைத் தூக்கிப் பொறுமையாகச் சாய்ப்பார். அந்தக் காலத்துக் கார். டேங்கின் வாய் அகலம், கையே உள்ளே போகும். இப்போது வருகிற வண்டிகளைப்போல உதட்டைக் குவித்துக்கொண்டிருக்காது.

"என் டேங்குல இருக்கிற டீசல்ல மூஞ்சி பார்த்து சவரம் பண்ணலாம்" என்பார். மீசையை அப்படித்தான் எடுத்தாரோ என்று தெருவில் ஒரு சந்தேகம் உண்டு.

சலிக்கிற துணிக்கு அவர் எங்கேயும் போகவேண்டியதில்லை. மனைவி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லாட்ஜுக்குத் தலையணை உறை தைத்துக்கொடுப்பவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முன்னறையில் ஜன்னலோரம் தையல் மிஷின். ஒவ்வொரு உறையின் மூலையிலும் நீல நூலில் ஒரு சின்னப் பூப் போடுவாள், அது அவள் கை அடையாளம். முதலாளி அதைப் பொழுதுபோக்கு என்று சொல்வார். கிழிந்த உறை, தையல் கோணின உறை என்று அவள் எடுத்துக்கொடுப்பதுதான் டீசலுக்கு. அடுக்கி வைத்த புது உறைகள் பக்கம் கை போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அன்றைக்கு டீசல் ஊற்ற முற்றத்துக்கு வந்தபோது பழைய துணி நாராகக் கிழிந்திருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். முதலாளி ஜன்னலோர அடுக்கிலிருந்து ஒரு புது உறையை உருவிக்கொண்டார். துணி நைஸாக இருந்தது. இதில் சலித்தால் டீசல் கண்ணாடியாக வரும் என்று நினைத்துக்கொண்டார். கேனைப் பாதி சாய்த்திருந்த நேரத்தில் மச்சான் உள்ளே வந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அச்சாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுகிறவர். வரும்போதெல்லாம் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று.

"நம்ம வண்டி எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

அந்த 'நம்ம'தான் முதலாளிக்கு முள். முப்பது வருஷமாக அந்த மனுஷர் கடனைக் கேட்டதில்லை. ஜாடையாகக்கூடக் கேட்டதில்லை. ஆனால் 'உங்க வண்டி' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், தவணை சொல்லியிருக்கலாம், கோபித்துக்கொண்டு போக்குவரத்தையே நிறுத்தியிருக்கலாம். 'நம்ம'வை என்ன செய்வது?

"வண்டி நல்லா இருக்கு மச்சான்" என்றார் முதலாளி. 'நம்ம'வை விட்டுவிட்டுச் சொன்னார்.

"வீட்டை வித்துட்டேன் மாப்பிள்ளை. பொண்ணுகிட்டயே போயிடலாம்னு பார்க்கிறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை ரயில். இனிமே இந்தப் பக்கம் வர்றது கஷ்டந்தான்."

முதலாளி கேனைச் சாய்த்தபடியே நின்றார். டீசல் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் சாமான் கட்டுவதைப் பற்றி ஏதோ சொன்னார், போனார். அவர் போன பிறகு முதலாளி புனலை எடுத்தார், மூடியைத் திருகினார், காலி கேனை மூலையில் வைத்தார், உள்ளே போய் உட்கார்ந்தார். துணியைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை.

மனைவி வந்ததும் சொன்னார்: "உங்க அண்ணன் ஊரை விட்டுப் போறாராம்."

"தெரியும். வழியில பார்த்தேன்."

"போறதுக்குள்ள கணக்கைத் தீர்த்துரணும்."

அவள் மிஷினில் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அண்ணன் கேட்டாரா?"

"கேட்கலை. அதான் பிரச்சினையே. கேட்காமலே ரயில் ஏறிட்டார்னா நான் சாகிற வரைக்கும் கடன்காரன்."

எவ்வளவு கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. எட்டாயிரத்தை எட்டாயிரமாகவே கொடுத்தால் இன்றைக்கு ரெண்டு டயர் வரும். அன்றைக்கு அதே எட்டாயிரத்தில் முழுக் காரே வந்தது. வட்டி போட்டுப் பார்க்க முதலாளிக்கு நாலாம் வகுப்புக் கணக்குப் போதவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். அந்தக் காசு காராக மாறியது, காரை மறுபடியும் காசாக மாற்றி அப்படியே கொடுத்துவிடுவது. கார் என்ன விலைக்குப் போகிறதோ அதுதான் கடன்.

"வண்டியை வித்துட்டு என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

"கடன் இல்லாம இருப்பேன்."

"அதான் இத்தனை வருஷமா தெரு பூரா அப்படித்தானே சொல்லிக்கிட்டிருக்கீங்க."

"இப்ப நிஜமாவே இருப்பேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள்.

வாங்குவதற்கு ஆள் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. முக்கில் சலவைக்கடை வைத்திருக்கும் அம்மாளுக்கு மேட்டின்மேல் இருக்கும் ஆஸ்பத்திரியின் படுக்கைத் துணிகள் ஒப்பந்தத்தில் கிடைத்திருந்தன. மூட்டை ஏற்ற ஒரு வண்டி வேண்டும், டீசலாக இருக்கவேண்டும், மலிவாக இருக்கவேண்டும். வந்தாள், காரைச் சுற்றி வந்தாள், பின்சீட்டை அழுத்திப் பார்த்தாள், டிக்கியை முழம் போட்டு அளந்தாள்.

"தொண்ணூறாயிரம்" என்றார் முதலாளி. "இந்த வண்டியை நான் விக்கலை. உனக்குத் தர்றேன்."

"வார்த்தையெல்லாம் நல்லா இருக்கு அண்ணே. ஆஸ்பத்திரி மேடு ஏறட்டும். ஏறினா எண்ணித் தர்றேன்."

நாலு மூட்டைகளை ஏற்றினாள், தானும் ஏறிக்கொண்டாள். முதலாளி ஒரு கையால் ஓட்டினார். இன்னொரு கை, அவர் வாழ்க்கையில் மேலே வந்த விதத்தை விளக்கிக்கொண்டிருந்தது. மேட்டில் பாதிக்கு மேல் போனதும் இஞ்சின் ஒரு மாதிரி மூச்சுத் திணறிற்று, இழுக்கவில்லை, அணைந்துவிட்டது. முதலாளி இறங்கி பானட்டைத் திறந்து உள்ளே முறைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் முறைத்தார். திரும்ப வந்து சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிற்று.

"என்ன பண்ணீங்க?" என்றாள் சலவைக்கடை அம்மாள்.

"ஒண்ணும் பண்ணலை."

"அப்புறம் எப்படி ஸ்டார்ட் ஆச்சு?"

"வண்டிக்கு என்மேல ஒரு பயம் உண்டு."

பயம் அடுத்த வளைவு வரைதான் தாங்கிற்று. மறுபடியும் அதே திணறல், அதே அமைதி. சலவைக்கடை அம்மாள் கீழே இறங்கினாள், ஆஸ்பத்திரி வாசலில் நின்ற சுமைக்காரர் இருவரைக் கைதட்டிக் கூப்பிட்டு மூட்டைகளைத் தூக்கிவிட்டாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுக்கிறேன் அண்ணே. ஏறினா இந்த வண்டி. ஏறலைன்னா வேற ஒரு வேன் சொல்லி வெச்சிருக்காங்க, அதை எடுத்துக்குவேன்."

சனிக்கிழமை சாயங்காலம் அவள் போனால், ஞாயிற்றுக்கிழமை மச்சான் போவார். முதலாளி காரை மேட்டிலிருந்து உருட்டியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். இறக்கத்தில் வண்டி அருமையாக வந்தது.

டீசல் வரத்துக் குறைகிறது. அதில் சந்தேகமில்லை, திணறலைக் கேட்ட மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே குறைகிறது என்பதுதான் கேள்வி. முதலில் ஃபில்டரைக் கழற்றினார். அறுத்து விரித்துப் பார்த்தார். உள்ளே தாள் புத்தகத் தாளைப்போலச் சுத்தமாக இருந்தது. அவருக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. புது ஃபில்டரை மாட்டி, கைப்பம்பை அமுக்கி அமுக்கி, திருகாணி வழியாக நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினார். வண்டி கிளம்பியது. மேட்டில் அதே இடத்தில் நின்றது.

"என்னங்க, ஒரு உறை குறையுது" என்றாள் மனைவி, அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது.

"என்ன உறை?"

"லாட்ஜுக்கு ஒரு டஜன் குடுக்கணும். பதினொண்ணுதான் இருக்கு. நீங்க எடுத்தீங்களா?"

புது உறைகள் பக்கம் கை போகக்கூடாது என்ற சட்டம் அவருக்கு நினைவுக்கு வந்தது. "எனக்கெதுக்கு உறை? என் தலையணைக்குத்தான் ஒண்ணு இருக்கே."

"கேட்டேன், அவ்வளவுதான்."

"நான் இங்கே பொழைப்பா சாவான்னு நிக்கிறேன், உனக்குத் தலையணை உறை!"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எடுக்கவில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, எடுத்ததையே அவர் தன் மனசிலிருந்தே காலி செய்துவிட்டார். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் அவருக்கு இல்லை.

மறுநாள் இஞ்சின் பக்கத்தில் குழாயைக் கழற்றி, டயருக்குக் காற்றடிக்கும் பம்பை அதில் பொருத்திப் பின்பக்கமாக டேங்கை நோக்கி ஊதினார். முதலில் கொஞ்சம் முரண்டுபிடித்தது, பிறகு டேங்குக்குள் குபுகுபு என்று கேட்டது. "அடைப்பு போச்சு" என்று முற்றத்துக்கு அறிவித்தார். பழையபடி மாட்டி, காற்றெடுத்து, கிளப்பினார். வண்டி குதிரை மாதிரி போயிற்று. மேட்டை ஏறி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வட்டம் போட்டு, சும்மா நின்றிருந்த சுமைக்காரர்களைப் பார்த்து ஹார்ன் அடித்துவிட்டு இறங்கினார். சலவைக்கடை வாசலுக்கு வந்து அம்மாளைக் கூப்பிட வாய் திறந்தபோது இஞ்சின் அணைந்தது. அவள் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். முதலாளி, இந்தப் பக்கம் சும்மா வந்தேன் என்றார்.

பிறகு அவர் ஒரு சின்னக் கேனில் டீசல் நிரப்பி இஞ்சினுக்கு மேலே கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேரே பம்புக்கு ஒரு குழாய் விட்டார். டேங்குக்கும் பின்குழாய்களுக்கும் அன்றைக்கு விடுமுறை. கேனில் டீசல் தீரும்வரை மேடும் பள்ளமுமாகச் சுற்றினார். ஒரு திணறல் இல்லை. ஆக, இஞ்சின் பக்கம் குற்றமில்லை, குற்றவாளி பின்னால் இருக்கிறான். டேங்க் மூடியின் காற்றோட்டத் துளை அடைத்து உள்ளே வெற்றிடம் பிடிக்கிறதோ என்று மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டினார். நின்றது. ரப்பர்க் குழாய் உள்ளுக்குள் உப்பி வழியை மறிக்கிறதோ என்று எல்லாவற்றையும் மாற்றினார். பழையதை நெடுக அறுத்துப் பார்த்தார். உள்ளே வழவழவென்று புதுசு. வண்டி மறுபடியும் நின்றது.

மச்சான் சாமான் கட்டக் கயிறு கேட்டு வந்தார். கயிற்றை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம வண்டிக்கு என்ன மாப்பிள்ளை?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லை. ஊதினா ஓடுது, கொஞ்ச தூரம் போனா நிக்குது, நின்னு இளைப்பாறினா திரும்ப ஓடுது."

"அப்ப ஏதோ ஒண்ணு போய் வாயில ஒட்டிக்குது, அப்புறம் விட்டுட்டுப் போகுது போல."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். இது அவருக்கு முந்தாநாளே தெரியும். இஞ்சின் இழுக்கும்போது அந்த இழுப்பில் ஏதோ ஒன்று குழாயின் வாயில் போய் அப்பிக்கொள்கிறது. இஞ்சின் நின்றால் இழுப்பும் நிற்கிறது, அது விலகி மிதக்கிறது. தெரிந்தும் அவர் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அந்த வாய் இருப்பது டேங்குக்குள்ளே.

"டேங்கைத் திறந்து பார்த்தா என்ன?" என்றார் மச்சான்.

"என் டேங்குல என்ன மச்சான் இருக்கும்? முப்பது வருஷமா சலிச்சு ஊத்தறேன். அதுக்குள்ள ஒரு தூசி இருந்தா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

"எனக்கென்ன தெரியும். டேங்கும் நம்மளுதுதானே, பாருங்க" என்று சொல்லிவிட்டு மச்சான் கயிற்றோடு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை முழுக்க முதலாளி டேங்கைத் திறக்காமல் இருந்தார். டேங்கைத் திறப்பது என்பது டீசலில் அழுக்கு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது. அதற்குப் பதில் பம்பைக் கழற்றிப் பூட்டினார், நாசில்களைத் துடைத்தார், கேட்கிறவர்களிடமெல்லாம் டீசல் பம்புக்காரன் ஏமாற்றுகிறான் என்று சொன்னார். வண்டி எதையும் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் டேங்கை இறக்கினார். வேறு வழியில்லை என்பதால் இல்லை, டேங்க் சுத்தம் என்பதை நிரூபிக்க என்று மனைவியிடம் சொன்னார். டீசலைக் கேன்களில் வடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் பளிச்சென்று வந்தது. "பாரு, பாரு" என்றார். டேங்கின் கழுத்து வளைந்தது என்பதால் வாய் வழியாக ஒன்றும் தெரியாது. மேலே அளவுக்கருவி பொருத்தியிருக்கும் வட்டத் தகட்டைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ சுருண்டு கிடந்தது.

கம்பியை வளைத்துக் கொக்கி செய்தார். இரண்டு தடவை தப்பிற்று. மூன்றாம் தடவை மாட்டிக்கொண்டு, மெதுவாக, சிணுங்கிக்கொண்டே மேலே வந்தது. முதலில் வந்தது ஒரு மூலை. மூலையில் நீலப் பூ.

மனைவி கத்தரிக்கோலும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உறை முழுசாக வெளியே வந்து கம்பியில் தொங்கி, முற்றத்தில் டீசலைச் சொட்டிற்று. அவள் சொன்னாள்:

"பன்னிரண்டாவது."

முதலாளி உறையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இத்தனை நாள் டேங்குக்குள்ள கிடந்திருக்கு. ஒரு துரு ஒட்டலை, ஒரு கசடு ஒட்டலை. இப்ப தெரியுதா என் டேங்க் எவ்வளவு சுத்தம்னு?"

"தெரியுது. துவைச்சுக் குடுத்துருங்க."

சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டார். பிறகு டேங்கை ஏற்றி, குழாய்களை மாட்டி, டீசலை ஊற்றினார். இந்தத் தடவை, துணி நழுவி டேங்குக்குள் இறங்காதபடி, அதன் நாலு ஓரத்தையும் புனலோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். துணி கிழிந்த பழைய உறை. மனைவியைக் கேட்டு வாங்கியது.

சாயங்காலம் சலவைக்கடை அம்மாள் ஆறு மூட்டைகளோடு வந்தாள். வண்டி மேட்டை ஏறியது. இறங்கி மறுபடியும் ஏறியது. முதலாளி இரண்டு கைகளாலும் ஓட்டினார். மூன்றாவது தடவை ஏறும்போது, போதும் அண்ணே, எனக்குத் தலை சுத்துது என்றாள் அவள்.

வீட்டு முற்றத்தில் பணத்தை எடுக்கப்போனவள் கொடியைப் பார்த்தாள். தொழில் புத்தி, கிட்டே போய் மோந்தாள்.

"இது லாட்ஜ் உறையாச்சே. இந்த வாடை போகாது அண்ணே. யார் துவைச்சது?"

"இஞ்சினுக்கு ஒரு வேலைக்கு எடுத்தது" என்றார் முதலாளி.

அவள் எண்பத்தொன்பதாயிரம் கொடுத்தாள். ஓராயிரம் சுமைக்காரர் கூலி என்றாள். நாலு மூட்டைக்கு ஓராயிரமா என்று முதலாளி கேட்டார். மேடு எவ்வளவு உயரம்னு இன்னிக்கு மூணு தடவை பார்த்தீங்களே என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்.

"ஓட்டறதுக்கு ஒரு டிரைவர் வேணும் அண்ணே. உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் யாராச்சும்..."

"இந்த வண்டி வேற யார் கைக்கும் அடங்காது. நான் வந்து மேற்பார்வை பார்த்துக்கறேன்."

"ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுத்தானே?"

"அங்கே உட்கார்ந்தாத்தான் மேற்பார்வை சரியா வரும்."

காரைச் சலவைக்கடை வாசலில் விட்டுவிட்டு, மச்சான் வீட்டுக்கு முதலாளி நடந்து போனார். முப்பது வருஷத்தில் நடந்து போவது இதுதான் முதல் தடவை. வீடு காலியாக இருந்தது. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெள்ளையாக, நடுவில் கயிறு கட்டிய பெட்டிகள். மச்சான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். முதலாளி வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அதில் வெறுங்கையோடு வந்தது இருந்தது, லாரி ஷெட் இருந்தது, மானம் என்ற சொல் நாலு இடத்தில் இருந்தது. நேரில் பார்த்ததும் பேச்சு சுருங்கிவிட்டது.

"கணக்குத் தீர்க்க வந்தேன் மச்சான். கையை நீட்டுங்க."

மச்சான் கையை நீட்டவில்லை. முதலாளி கையிலிருந்த பணக்கட்டைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார்.

"வண்டியை வித்துட்டீங்களா? எனக்காகவா?"

"உங்க காசுல வாங்கினது. உங்க காசாவே திருப்பித் தர்றேன்."

"அதுல என் காசு ஒத்தைக்காசுகூட இல்லை மாப்பிள்ளை." மச்சான் வழக்கம்போல மெதுவாகச் சொன்னார். "அச்சாபீஸ் சம்பளத்துல எட்டாயிரம் சேர்க்கிற ஆளா நான்? தங்கச்சி தச்சு சேர்த்த காசு. பொண்டாட்டி காசைத் தொடமாட்டேன்னு நீங்க கல்யாணப் பந்தல்லயே சொன்னீங்க. அதனால என் கையால குடுக்கச் சொன்னா. குடுத்தேன்."

முதலாளி பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தார். பெட்டிக்குள் ஏதோ கண்ணாடிச் சாமான் நொறுங்கிற்று. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா நம்ம வண்டி, நம்ம வண்டின்னீங்க?"

"வேற என்னத்தைச் சொல்றது? அவ வண்டின்னா உங்களுக்குக் கோபம் வரும். உங்க வண்டின்னா பொய் ஆயிடும்."

முதலாளி வீட்டுக்குத் திரும்பி நடந்தார். முக்கில் சலவைக்கடை வாசலில் அவருடைய கார் நின்றது. அதை அவருடைய கார் என்று நினைத்தார். பிறகு அது எப்போதுமே அவருடையதாக இருந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. நின்று டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார்.

வீட்டில் மனைவி ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள். கொடியில் காய்ந்த உறைக்குப் பதிலாகப் புதுசாக ஒன்று. மூலையில் பூ பாதி முடிந்திருந்தது. முதலாளி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க அண்ணன் சொல்லிட்டார்."

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"நீயே அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

முதலாளி யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "மாட்டேன்."

"அப்புறம்?"

தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். முதலாளி பணக்கட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய களை திரும்பிற்று.

"ஒரு விதத்துல பார்த்தா நான் தெருவுல சொன்னதெல்லாம் சரியாத்தான் இருக்கு. வெளியாள்கிட்ட ஒரு காசு வாங்கலை பாரு. வீட்டுக்காரிகிட்ட வாங்கினது கடன்ல சேராது."

மிஷின் நின்றது. அவள் மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்தாள்.

"சேரும்" என்றாள். கையை நீட்டி உள்ளங்கையை விரித்தாள். ஊசி குத்திக் குத்தி அந்த விரல்நுனிகள் மரத்துப்போய், வழவழவென்று இருந்தன. முதலாளி அவற்றைப் பார்த்தார். பணத்தைக் கட்டோடு தூக்கி அந்தக் கையில் வைக்கப்போனார்.

"அப்படி இல்லை. எண்ணிக் குடுங்க."

அவர் முதல் நோட்டை எடுத்தார். எடுத்தவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது. எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"திறந்தே இருக்கட்டும்" என்றாள் அவள். "காத்து வருது. சத்தமா எண்ணுங்க, மிஷின் சத்தத்துலயே இருந்து எனக்குக் காது மந்தம்."

அவளுக்குக் காது மந்தமில்லை என்பது அவருக்குத் தெரியும். எதிர்வீட்டு வாசலில் பேச்சு நின்றிருந்தது. முதலாளி தொண்டையைச் செருமினார், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, வாழ்க்கையில் எதைச் செய்தாலும் அதைத் தன்னைப்போல வேறொருவன் செய்யமுடியாது என்று நம்புகிறவர் எண்ணும் குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு நோட்டாக அவளுடைய விரித்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார். எல்லாம் வைத்து முடித்த பிறகும் கை மூடவில்லை. முதலாளி ஒரு கணம் விழித்தார். பிறகு தன் சொந்தப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "உறைக்கு" என்று சத்தமாகச் சொல்லி, அதையும் எண்ணிக்கையில் சேர்த்து வைத்தார்.